மோட்டாருக்கும் ஆஜர் கேட்ட அக்கா

புதுச்சேரியில் எத்தனையோ கறார்ப் பேர்வழிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பம்ப், வால்வு, சைரன் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது வந்து சேர்ந்ததற்கு ஆள் வைத்துச் சாட்சி கேட்ட மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ஆஜர் அக்கா.

தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் புத்தி வைப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஒயரிங் வரைய ஒரு மென்பொருள், இயந்திரத்துக்குக் கட்டளை எழுத இன்னொன்று, பொத்தான்கள் தெரியும் திரைக்கு மூன்றாவது. மூன்றும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். முதலாவதில் இருக்கும் பெயர்ப் பட்டியலை எக்ஸெலில் இறக்கி, சரிபண்ணி, அடுத்ததில் ஏற்றவேண்டும். ஏற்ற ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தின்மேல் அக்காவுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது.

"பஸ்ல ஏத்திவுட்டா ஆச்சா? எறங்குச்சான்னு பாக்க வேணாம்?" என்பார். தினமும் தவளக்குப்பத்திலிருந்து கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர் அப்படித்தான் பேசுவார்.

ஆகவே புதுப் பட்டியலை அக்கா உரக்கப் படிப்பார். "முப்பத்தேழு, பால் வால்வு!" எதிரில் பழைய பட்டியலோடு உட்கார்ந்திருப்பவர், அதே எண்ணில் அதே பெயர் இருந்தால் "ஆஜர்" சொல்லவேண்டும். "இருக்கு" என்றால் செல்லாது. "உம்" என்றால் முதலிலிருந்து ஆரம்பம்.

நாங்கள் ஓடி ஒளிந்ததால் டீ கொண்டு வந்தவர், கூரியர்காரர், ஏசி பழுதுபார்க்க வந்தவர் எல்லாரும் மாட்டினார்கள். ஒருமுறை இண்டர்வியூவுக்கு வந்த பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து இருநூறு ஆஜர் வாங்கிவிட்டார். இதுதான் பரீட்சை போலிருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. "இவளுக்கு வேல குடுங்க சார், ஒரு கொட்டாவிகூட வுடல" என்று முதலாளியிடம் அக்கா சிபாரிசு செய்தார். வேலையும் கிடைத்தது.

எனக்கு இதெல்லாம் மானப் பிரச்சினை. கம்ப்யூட்டர் கம்பெனியா, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடமா என்று எரிச்சல் வரும். அந்தச் சமயத்தில்தான் ரோஸ் மில்க் ஆலை வேலை என் தலையில் விழுந்தது. "இது ஒழுங்கா ஓடுனா ரெண்டாவது ஆலையும் நமக்குத்தான், நீதான் இன்சார்ஜ். சொதப்புனியானா சென்னை கம்பெனிக்குப் போயிடும்" என்றார் முதலாளி. இரண்டாவது ஆலையை நான் கனவிலேயே கட்டி முடித்திருந்தேன்.

பட்டியலை ஏற்றவேண்டிய நாளில் அக்கா மாமியாரை அழைத்துக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நல்ல காரியமாயிற்றே என்று எக்ஸெலில் பெயர்களின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். பொத்தானை அமுக்கினேன். முடிந்தது. சாயங்காலம் போன்.

"ஆஜர் எடுத்தியாடா?"

"எடுத்துட்டேன்க்கா. நானூத்திப் பன்னெண்டும் ஆஜர்."

கல்லூரியில் நண்பனுக்காக ப்ராக்ஸி கொடுத்ததுண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே மூச்சில் கொடுத்தது அன்றுதான்.

வெள்ளோட்டத்துக்கு ஆலை உரிமையாளர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டில் வந்து நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களை சொல்தா என்போம். நடையில் இன்னும் பட்டாளம் இருந்தது. நான் ஒரு புன்னகையோடு பால் கலக்கியின் பொத்தானை அமுக்கினேன். சைரன் அலறியது. பதறிப்போய் சைரனின் பொத்தானை அமுக்கினேன். கழுவும் குழாய் பீய்ச்சியடித்தது. கழுவுவதை நிறுத்தலாம் என்று அதை அமுக்க, பாட்டில் நிரப்பும் வால்வு திறந்து சொல்தாவின் தலையிலிருந்து ரோஸ் மில்க் வழிந்தது.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார் அவர். "அந்தச் சென்னை கம்பெனி நம்பர் எங்கய்யா?"

கூட வந்திருந்த அக்கா மெயின் சுவிட்சை அணைத்தார். என் முகத்தை ஒரே ஒரு முறை பார்த்தார். லேப்டாப்பைத் திறந்தார்.

"எதிர்ல யாராச்சும் ஒக்காருங்க."

"இன்னா பண்ணணும்?" என்றார் சொல்தா, கண்ணைத் துடைத்தபடி.

"நான் பேரக் கூப்புடுவேன் முசியே. சரியா இருந்தா ஆஜர் சொல்லணும்."

அவர் முகம் மாறியது. பட்டாளத்தில் தினம் காலையில் பெயர் கூப்பிடக் கேட்டவர் அல்லவா! பட்டியலை வாங்கிக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார்.

"ஒன்னாம் நம்பர்..." அக்கா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "டேய், இங்க 'உ'ன்னு இருக்குது. புள்ளையாருக்கு எந்த மோட்டார்டா குடுத்த?"

என் சுழி பெயர்களை மட்டும் ஒரு வரி கீழே தள்ளியிருந்தது. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகவே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மேல்வீட்டுக்காரரின் பெயர். ஒரு நிமிஷத்தில் சரிசெய்து ஏற்றியாயிற்று. ஆனாலும் அக்கா விடவில்லை, நானூற்றுப் பன்னிரண்டையும் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் சொல்தா மார்பை நிமிர்த்தி, ஆஜருக்குப் பிரெஞ்சில் "பிரெசான்!" என்று முழங்கினார். முந்நூறில் தொண்டை கட்டியது. வேறொருவர் உதவிக்கு வந்தபோது முறைத்து விரட்டிவிட்டார்.

பிறகு ஆலை ஓடியது. முதல் பாட்டிலை சொல்தா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சென்னைக்காரன் இப்புடி பரேடு எடுப்பானா?" என்றார். இரண்டாவது ஆலை எங்களுக்கு.

முதலாளியிடம் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "ஷீட்டுல ஒரு வரி நவுந்துடுச்சு சார்." என்னிடம் தனியாக, "சுழி போட்டது தப்பில்லடா. ப்ராக்ஸி குடுத்த பாரு, அதான்" என்றார். அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டாவது ஆலை கட்டி முடிவதற்குள் அக்கா கணவரோடு பிரான்சுக்குப் போய்விட்டார். போன வாரம் அந்த ஆலையில் வெள்ளோட்டம். இண்டர்வியூவில் பரீட்சை என்று பயந்த பெண் பெயர் கூப்பிட, நான் தொண்டை கட்ட ஆஜர் சொன்னேன். முடித்த கையோடு அக்காவின் போன்.

"எல்லாம் ஆஜரா?"

"ஒன்னு மட்டும் வரலக்கா."

"எதுடா? பம்ப்பா, வால்வா? எத்தினியாம் நம்பர்?" பதறினார்.

"நீங்கதான்."

ஊரார் வாயிலிருந்தெல்லாம் பிடுங்கிய அந்த வார்த்தையை அன்றுதான் அக்கா தன் வாயால் சொன்னார்.

"ஆஜர்டா."