அக்கா விரலுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

அரைகுறையாக ஆங்கிலம் தெரிந்தவன் கையில் பேனாவைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த அரைகுறை நான்தான்.

எழுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலைக் குமாஸ்தாவாக, சேர்ந்தேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். (நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். அதை வீட்டில் சொல்லவில்லை.) தானா ராத்தா டவுனில் வாங்கிய குட்டி ஆங்கில அகராதி எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். பேர் எழுதும் நோட்டைக்கூட மறந்துவிட்டுப் போவேன், அதை மறக்க மாட்டேன்.

அந்த மாதம் எனக்கு 'ஹர்ட்' என்ற சொல்லின் மேல் பைத்தியம். எங்கள் பெரிய கிராணி விபத்து அறிக்கை எழுதினால் வருஷக்கணக்காக 'இன்ஜுரி' என்ற ஒரே சொல்தான். அகராதியோ பிரித்துப் பிரித்துச் சொன்னது. விபத்தில் அடிபட்டால் 'இன்ஜுரி'. கத்தி, துப்பாக்கி என்றால் 'வூண்ட்'. 'ஹர்ட்' மட்டும் கால் சுளுக்கினாலும் வரும், காதலி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வரும். உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்து ஒரே சொல். வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று அசந்துபோனேன். "மனசு புண்ணாப் போச்சுடா" என்று அம்மா வாரத்துக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் ஏறவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சரசு அக்காவுக்கு விரல் வெட்டுப்பட்டது.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கொழுந்து வெட்டும் பெரிய கத்தரியை அவள் கையில் எடுத்தால் மற்றவர்கள் பாதி வரிசை முடிப்பதற்குள் மேலே போய் நிற்பாள். அப்படிப்பட்டவள் சரிவில் கால் வழுக்கி, இடது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நாலு தையல் போட்டு அனுப்பினார். அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரத்தில் என் முதல் அறிக்கை, அதுவும் சொந்த அக்காவுக்கு. ஏனோதானோவென்று எழுத முடியுமா?

சாயந்திரம் ஃபாரத்தோடு அக்கா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எப்படிக்கா பட்டுச்சு?"

"வழுக்கிடுச்சு. அவ்ளோதான்லா."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குக்கா. நீ வழுக்குற ஆளா? கவனம் எங்க போச்சு?"

அம்மா குழாயடியில் இருந்தாள். அக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம ரிங்லெட்லேர்ந்து வந்தாங்கள்ல..."

வந்தார்கள். காய்கறி லோரி ஓட்டும் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும். பெண் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், செவ்வாய்க்கிழமை "சரிப்படாது" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். லயத்தில் யாருக்கும் தெரியாது. "தூரத்துச் சொந்தம், சும்மா பாத்துட்டுப் போவ வந்தாங்க" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

"அவங்க வேணாம்னது போவட்டும் தம்பி. எனக்கு அவர புடிச்சிருந்துச்சு. அதையே நெனச்சிக்கிட்டு வெட்டிக்கிட்டிருந்தேன். கண்ணு கலங்கிடுச்சு, கால் வெச்ச எடம் தெரியல." பிறகு தாழ்ந்த குரலில், "யாருகிட்டயும் சொல்லிறாதடா. அம்மாகிட்டகூட" என்றாள்.

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

(சொல்லக் கூடாது என்றுதானே சொன்னாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. அதுவும் ஆங்கிலத்தில் எழுதினால் லயத்தில் யாருக்குப் புரியப்போகிறது? அந்த வயதில் என் புத்தி இந்த அழகில்தான் இருந்தது.)

காரணம் என்ற கட்டம் இரண்டு வரிக்கு இருந்தது. நான் தனித்தாள் ஒட்டி ஒரு பக்கம் எழுதினேன். கை ஹர்ட் ஆவதற்கு முன்பே அவள் மனம் ஹர்ட் ஆகியிருந்தது என்று ஆரம்பித்து, ரிங்லெட் லோரிக்காரர் வரை ஒன்றையும் விடவில்லை. 'ஹர்ட்' ஏழு இடத்தில் வந்தது. எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் யாருக்காவது அடிபட்டால், மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அந்த அறிக்கையை எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருப்பதற்காக. அக்காவுக்கு அந்த வழக்கம் தெரியும். கால் வழுக்கியது என்று மட்டும் தம்பி எழுதியிருப்பான் என்று நம்பியிருந்தாள், பாவம்.

மறுநாள் மூடுபனியில் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். தோட்ட நிர்வாகி துரையும் வந்திருந்தார். அக்கா லேசான வேலை கேட்பதற்காகக் கட்டுப்போட்ட கையோடு முன்னால் நின்றாள். பெரிய கிராணிக்கு எதையும் முன்கூட்டிப் படிக்கும் பழக்கம் கிடையாது. ஒரு வரியை ஆங்கிலத்தில் பார்ப்பார், உடனே தமிழில் உரக்கச் சொல்வார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கு உறைப்பதற்குள் சொல்லி முடித்திருப்பார்.

"சரசுக்குக் கையில காயம்" என்று தொடங்கினார். "அதுக்கு முன்னாடியே மனசுல காயம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரை நிறுத்தப் பார்த்தேன். பலமாக இருமினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ரிங்லெட் லோரிக்காரரு பொண்ணு பாத்துட்டு வேணாம்னுட்டாரு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் ரெண்டு எட்டு முன்னால் போய், "ஐயா, போதும்யா" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"ஆனா இந்தப் புள்ளைக்கு அவர ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. தாளை மடித்துவிட்டார். தமிழ் தெரியாத துரை, நல்ல அறிக்கை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"இனிமே எல்லாரும் பாத்து வெட்டுங்க" என்றார் பெரிய கிராணி. பாவம், வேறு என்ன சொல்வார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வேலை என்றுகூடக் கேட்காமல், மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா என்னை அடிக்கவில்லை. "எழுதப் படிக்கத் தெரியாத நானு எத்தன பேரு ரகசியத்த வயித்துக்குள்ள வெச்சிருக்கேன். நீ படிச்சவன்லா" என்றாள். அடித்திருக்கலாம்.

மத்தியானத்துக்குள் செய்தி காய்கறி லோரி ஏறி ரிங்லெட் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை மனம் மாறி வருவான் என்று நான் ரெண்டு நாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். (வெட்கமே இல்லாமல், என் எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.) சனிக்கிழமை ஒரு கூடை முட்டைக்கோஸ் வந்தது. "பொண்ணு மனசு கஷ்டப்பட வேணாம்னு லோரிக்காரரோட அம்மா குடுத்தாங்க" என்றான் கொண்டுவந்தவன். அக்கா அதைத் தொடாமல் அக்கம்பக்கத்தில் பங்கு வைத்துக் கொடுக்கச் சொன்னாள். அந்த வாரம் லயம் முழுக்க கோஸ் வாசனை. ஒவ்வொரு அடுப்படியிலும் அக்கா கதைதான்.

மன்னிப்புக் கேட்டேன். அகராதி இல்லாமல் கேட்டேன். "பரவால்லடா, விடு" என்றாள் அக்கா. அப்படி ஒரு சாதாரணக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அதே குரல்தான் எனக்கு.

நாலு வருஷம் கழித்து அக்கா ஈப்போவில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அத்தான் தங்கமான மனுஷன். அவள் வீட்டுச் சமையலில் இன்றுவரை கோஸ் கிடையாது. பிள்ளைகள் எங்கே விழுந்தாலும், "மாமாவக் கூப்புடு, ரிப்போர்ட் எழுதட்டும்" என்பது அந்த வீட்டுச் சிரிப்பு. எல்லோரையும்விட அதிகம் சிரிப்பது அக்காதான்.

போன வருஷம் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அத்தான் தவறிப்போயிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"முட்டி மட்டும்தான் வலிக்குது. அப்படியே எழுதிக்க" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு எங்கே வலிக்கிறது என்று அக்கா என்னிடம் சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.