அப்பாவின் கட்டில் எந்தப் பக்கம்

தொம்மலூர்,
14.3.1998

பொம்மசந்திராவில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கும் அண்ணன் கோதண்டராமன் அவர்களுக்கு, தம்பி ரங்கநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் ரமாவும் நலம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பெயரை விட்டதை நான் மறக்கவில்லை.

அப்பாவை அநாதைகளோடு தள்ளிவிட்டேன் என்று நீங்கள் சொல்லித் திரிவதைப் பெரியப்பா மகன் முனியப்பன் சொன்னான். "உயிர் போறது என் வீட்ல போகட்டும், கொண்டாந்து விடச் சொல்லு" என்றீர்களாம். அனுப்ப மாட்டேன். நான் அவரைச் சேர்த்திருப்பது புற்றுநோய் முற்றியவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் இடம். சேர்த்த அன்று அப்பா சாப்பிடவில்லை, படுக்கவும் இல்லை. கட்டில் வடக்கே தலைமாடாகக் கிடந்தது. "இப்பவே அனுப்பி வைக்கப் பாக்குறியாடா?" என்றார். நான் படித்தவன் அல்லவா, திசைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று பௌதிகம் பேசினேன். அவர் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். காலையில் நர்ஸ் மமதா, "மனேல, உங்க வீட்ல, எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பீங்க தாத்தா?" என்று கேட்டாள். ஆளைக் கூப்பிட்டுக் கட்டிலையே திருப்பிவிட்டாள். கதவு அவர் தலைக்குப் பின்னால் போனது, எதிரே வெறும் சுவர். அப்பா குறட்டை விட்டார். அதோடு விட்டதா? பக்கத்துக் கட்டில் வஜீத் பாய் மேற்கே முகம் வேண்டும் என்றார், திருப்பினார்கள். மூலைக் கட்டிலில் சின்னப்பா என்று ஒருவர், அவருக்குக் கிரிக்கெட் தெரிந்தால் போதும், அவரை டிவி பக்கம் திருப்பினார்கள். இப்போது வார்டு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கிறது. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தால் கட்டில் சந்துகளில் பக்கவாட்டில் நடக்கிறார். இது என்ன மருத்துவம் என்று கேட்டேன். "மருந்து எந்தத் திசையிலும் வேலை செய்யும் சார், மனுஷன் தூங்கணுமே" என்றார். அப்பாவுக்கு இப்போது எதுவும் விழுங்க முடியவில்லை. ரமா போடும் பில்டர் காபியைப் பஞ்சில் நனைத்து நாக்கில் தடவுகிறார்கள். சப்புக்கொட்டுகிறார். குறை கண்டுபிடிப்பதில் என் திறமை உங்களுக்குத் தெரியும். தினமும் அதற்கென்றே போகிறேன், ஒன்றும் சிக்க மாட்டேங்குது. எனக்கே கேவலமா இருக்கு.

ஆகவே அப்பா இங்கேயேதான் இருப்பார். நீங்கள் வந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
பத்திரிகையில் இடம்பெறாத
ரங்கநாதன்

பி.கு.: காலையில் காபியோடு போனேன். அப்பா மறுபடி கட்டிலைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். வடக்கே தலை. "வடக்கு ஆகாதே தாத்தா?" என்று மமதா கேட்டதற்கு, "பரவால்லம்மா, கதவு தெரியணும். பெரியவன் வருவான்" என்றாராம். என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி கதவைத்தான் பார்த்தார். தினம் காபி கொண்டுபோறவன் நான். இதைத் தபாலில் போடவில்லை, முனியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதினதை எல்லாம் விடுங்கண்ணா. அவன்கூடவே கிளம்பி வாங்க. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.