ஒரே ஒரு கிடார்

"ஏங்க, நாளைக்குச் சாயங்காலம் கிடார் தயாரா இருக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, கைப்பைக்குள் வீட்டுச் சாவியைத் துழாவியபடி இதைச் சொன்னாள். சோபா ஓரத்தில் நின்றிருந்த கணவர் அதை இன்னும் கொஞ்சம் மறைத்து நின்றார்.

"நாளைக்கு என்ன விசேஷம்?"

"சரியாப் போச்சு! அப்பாவோட எழுபதாவது பிறந்த நாள். இங்கதானே வெச்சிருக்கோம்? மொத்த பில்டிங்கையும் கூப்பிட்டாச்சு. கேக் வெட்டினதும் ஒரு பாட்டு. அப்பா ரொம்ப ஆசைப்படறார்."

"கிடார்லயா பாட்டு?"

"பின்ன, கிடாரை வெச்சுக் கேக்கா வெட்டுவாங்க?"

கதவு சாத்தப்பட்டது. அவர் மெதுவாகத் திரும்பிப் படுக்கையறை மூலையைப் பார்த்தார். கிடார் பை அங்கே கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதற்குள் இரண்டு தலையணைகள் இருந்தன. கிடார் அன்று காலை ஒன்பது மணிக்கே போர்வையில் சுற்றிக் கைமாறிப் போயிருந்தது.

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாக நட்டு, பொக்கை வாய்க்காரர்களை மறுபடியும் முறுக்குக் கடிக்கிற தைரியத்துக்குக் கொண்டுவந்து விடுவார். நகக்கண் அளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட நிதானஸ்தர் கிடார் என்றால் மட்டும் நிதானத்தைக் கழற்றி வைத்துவிடுவார்.

ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு கிடார்கள் அவர் கைவழியாகப் போயிருந்தன. ஒவ்வொன்று வந்ததும் ஒரே பாட்டின் முதல் பாதியை வாசித்துப் பார்ப்பார். பாதியில் ஏதாவது குறை தெரிந்துவிடும். இதற்குக் கம்பி உயரம், அதற்குச் சத்தம் மந்தம், இன்னொன்றுக்குக் கழுத்து குட்டை. உடனே செல்போனில், ஊர்க்காரர்கள் வாத்தியங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் 'கைமாத்துக் குழு'வைத் திறந்து, அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுவார். பாட்டின் இரண்டாம் பாதி அடுத்த கிடாரில் இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார்.

ஒரு காலத்தில் வீட்டில் ஒரே நேரத்தில் பதினொரு கிடார்கள் இருந்தன. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஒன்று மாமனார் கால் கட்டைவிரல்மேல் விழுந்த அன்று மனைவி ஒரு சட்டம் போட்டாள்.

"வீட்ல ஒரே ஒரு கிடார்தான். ரெண்டாவது வந்தா, ஒண்ணு அது வெளிய போகும், இல்ல நீங்க போவீங்க."

சட்டத்தை அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். ஒன்று வந்தால் ஒன்று போகும். மாற்றுவது கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மனைவியும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எப்போதாவது, "இந்தக் கறுப்பு வேணாங்க, கழுத்து தடியா இருக்கு" என்பாள். வீட்டு அலங்காரத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் போல என்று நினைத்து அவரும் சந்தோஷமாக மாற்றிவிடுவார்.

இந்தத் தடவைதான் கணக்குத் தப்பிவிட்டது. கிடாரைக் கொடுத்து ஆம்ப் வாங்கிவிட்டார். கிடாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி அது. ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்தது. சத்தத்தைப் பெருக்க அது தயார். பெருக்குவதற்குத்தான் சத்தம் இல்லை.

சோபாவுக்குப் பின்னாலிருந்து அதை இழுத்துப்போட்டு, குழுவில் எழுதினார்: 'அவசரம். ஆம்ப் தரப்படும். கிடார் வேண்டும். இன்றே.'

ஐந்து நிமிஷத்தில் பக்கத்துத் தெரு ஜிம் மாஸ்டரிடமிருந்து பதில் வந்தது. 'நீல நிறம். புத்தம் புதுசு. ஒரு தடவைகூட வாசிச்சதில்ல.'

லிப்ட் பழுதாகி இருந்தது. மூன்று மாடியும் ஆம்பைக் கட்டிப்பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இளைப்பாறி இறங்கினார். ஜிம் வாசலில் மாஸ்டர் அதை ஒற்றைக் கையால் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நீலக் கிடார் வெயிலில் மின்னியது.

வீட்டுக்கு வந்து மடியில் வைத்ததும் ஏதோ உறுத்தியது. தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிசுக் கம்பி இருந்தது. கிடாரின் வளைவு தொடையில் உட்காராமல் விலாவில் குத்தியது. போன் போட்டார்.

"மாஸ்டர், இது இடக்கைக்காரங்க கிடாரு!"

"ஆமா சார். நானும் வீட்டுக்கு வந்தப்புறம்தான் கண்டுபிடிச்சேன். அதான் ஒரு தடவைகூட வாசிக்கல."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முன்னாடியே சொன்னா நீங்க வாங்குவீங்களா சார்?"

நியாயமாகத்தான் பட்டது.

ஊரில் இடக்கைக்காரர் இல்லாமலா போவார்? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் கிடைத்தார். "எங்க அக்கா பொண்ணு இடக்கைதான். இன்னிக்கே வெளியூர் கிளம்பறா. சீக்கிரம் கொண்டாங்க. நம்மகிட்ட பெருசா ஒண்ணு இருக்கு."

பெரிதுதான். பெட்டியே ஆள் உயரம். தெருவில் தூறல் விழுந்துகொண்டிருந்ததால் திறந்து பார்க்கவில்லை. வீட்டில் வந்து திறந்தார். ஒரு தடவை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார்.

"மாஸ்டர், நாலு கம்பிதான் இருக்கு!"

"பேஸ் கிடாருக்கு நாலுதான் சார்."

"நான் கேட்டது கிடார்!"

"அதுலயும் கிடார்னு பேர் வருதே."

மீட்டிப் பார்த்தார். பக்கத்து அறையில் யாரோ கொட்டாவி விட்டது போல ஒரு சத்தம் வந்தது. இதற்கு உயிர் வரவேண்டுமானால் ஆம்ப் வேண்டும். ஆம்ப் ஜிம்மில் இருந்தது.

ராத்திரி மனைவி ஷிப்ட் முடிந்து வந்தபோது பேஸ் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அவர் மேலே படுத்திருந்தார்.

"கிடார் தயாரா?" என்றாள்.

"ஓ! கம்பியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் இருக்கேன்."

"நல்லது. தலைக்கு வெச்சுக்க ஏதாவது கிடைக்குமா?"

சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது போல இருந்தது. பாவம், வேலைக் களைப்பில் அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

ஞாயிறு காலை, பலூன் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆள் உயரப் பெட்டியோடு கிளம்பினார்.

"பலூனுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய பெட்டி?"

"நிறைய வாங்கணும்ல?"

ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேட்கலாம் என்று போனால், ஜிம்மில் ஆம்ப் இல்லை. "நேத்து சாயங்காலமே மாத்திட்டேனே சார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கிட்ட" என்றார் ஜிம் மாஸ்டர். அங்கிருந்து ஓடினார். டிரைவிங் மாஸ்டர், இவரைப் பார்த்ததும் இழந்த பிள்ளையைக் கண்டவர் போலப் பெட்டியைத் தழுவிக்கொண்டார்.

"நல்லவேளை கொண்டுவந்தீங்க சார்! ஆம்ப் வந்ததும் பேஸ் ஞாபகமாவே இருக்கு."

"அப்ப அந்த நீலக் கிடார்? கம்பியை மாத்திக் கட்டியாவது சமாளிக்கிறேன்."

"அது நேத்தே பஸ் ஏறிடுச்சு."

"மாஸ்டர், உங்க கால்ல விழறேன். ஆறு கம்பி இருக்கிற எதுவா இருந்தாலும் குடுங்க."

மாஸ்டர் பரணில் ஏறி, தும்மி, ஒன்றை இறக்கினார். அவர் மகள் சின்ன வயதில் வைத்திருந்தது. முக்கால் அளவு. ரோஸ் நிறம். முகப்பில் ஒரு முயல் படம். கம்பியை முறுக்குகிற திருகுகளில் ஒன்றுக்குத் தலை உடைந்திருந்தது.

"பாத்து எடுத்துட்டுப் போங்க சார், சென்டிமென்ட்" என்றார் மாஸ்டர்.

அன்று விடுமுறை. ஆனால் பட்டறைச் சாவி இவரிடம் இருந்தது. போனார், உட்கார்ந்தார், ஈறு செய்கிற ரோஸ் பசையைக் குழைத்தார். நிறம் கிடாரோடு அச்சாகப் பொருந்தியது. உடைந்த இடத்தில் பிடிமானத்துக்கு என்ன வைக்கலாம் என்று யோசிப்பதற்குள் பழகிய கை ஒரு கடவாய்ப் பல்லை எடுத்து நட்டுவிட்டது. திருகிப் பார்த்தார். வழுக்கவே இல்லை. இருபது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கேட்டாள்: "பலூன்?"

"கடை மூடியிருந்தது."

சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. ரிட்டயர்ட் பஸ் டிரைவரான மாமனார் முன் வரிசையில், ஸ்டியரிங் பிடிக்கிற தோரணையில் நாற்காலியின் இரு கைகளையும் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மச்சான். பின்னால் மனைவியோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள். கட்டிலிலிருந்து மாடிப்படி வரைக்கும் பில்டிங்காரர்கள். நேர் கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் தையலக்கா, கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

கேக் வெட்டியாயிற்று. மாமனார் மீசையிலிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டு, "மாப்ளை, எங்க அந்தக் கிடாரு? ரைட், போலாம்!" என்றார்.

அவர் பையைத் திறந்தார். ரோஸ் நிறக் கிடார் வெளியே வந்தது. முயல் எல்லோரையும் பார்த்தது.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மாப்ளை, இதுக்குப் பல்லு முளைச்சிருக்கு!"

"குழந்தைதானேப்பா, இப்பதான் முளைக்குது" என்றார் மச்சான்.

ஹால் அதிர்ந்தது. மனைவி மட்டும் சிரிக்காமல், கிடாரையே அளவெடுப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கிடார் அவருடைய தொப்பைக்கும் முழங்காலுக்கும் நடுவில் எங்கேயோ காணாமல் போனது. முதல் பாதியை வாசித்துவிடலாம். அதற்கப்புறம்? இந்த இடத்தில் மாற்றிக்கொள்ள வேறு கிடார் கிடையாது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, கையில் இருக்கிற கிடாரோடு அவர் தனியாக மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அந்த உண்மை அவருக்குப் பளிச்சென்று உறைத்தது. எழுந்து நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கணும். மாமா, நீங்க முக்கியமா. எனக்கு..." முயலை ஒரு தடவை பார்த்தார். "எனக்கு கிடார் வாசிக்கத் தெரியாது. ஒன்பது வருஷமா வாங்கறதுக்கும் மாத்தறதுக்குமே நேரம் சரியாப் போச்சு. கத்துக்க நேரமே கிடைக்கல. பாதிப் பாட்டுதான் தெரியும். அதுவும் தப்புத் தப்பா வரும். குறை கிடார்ல இல்ல, என்கிட்டதான். இதை என் வீட்டுக்காரிகிட்டகூட இத்தனை நாளும் மறைச்சுட்டேன்."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. பத்து ஆம்பைக் கீழே இறக்கி வைத்த மாதிரி.

மாமனார் மகளைப் பார்த்தார். மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து தையலக்கா எழுந்தார்.

"உங்களை யாரு தம்பி வாசிக்கச் சொன்னது? தினம் காலைல நீங்க வேலைக்குக் கிளம்பினதும் உங்க வீட்டுக்காரம்மா வாசிக்கறாங்களே, அதை ஒரு தடவை நேர்ல உக்காந்து கேக்கணும்னுதான் மொத்த பில்டிங்கும் வந்திருக்கு. தள்ளி நின்னு, அவங்ககிட்ட கிடாரைக் குடுங்க!"