யாழினி கொண்டுவந்த உயிருள்ளது

குறும்புக்காரப் பிள்ளைகளால் எந்த ஆசிரியருக்கும் பெரிய ஆபத்து வந்துவிடாது. மிஞ்சிப்போனால் ஒரு சாக்பீஸ் பறக்கும், ஒரு தண்ணீர் பாட்டில் கவிழும். உண்மையான ஆபத்து, சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற பிள்ளைகளிடமிருந்துதான் வரும். பி.எட். வகுப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தை உளவியலில் எனக்கு நல்ல மார்க் வேறு. (வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லி முடித்திருந்தேன். ஆயாவிடம் இரண்டு தடவை.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு அம்பத்தூரில். முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியை. வேலை நிரந்தரமில்லை. தாளாளர் ஒருநாள் வந்து வகுப்பில் உட்காருவார். அவருக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம். இல்லையென்றால் “ரொம்ப சந்தோஷம்மா, போயிட்டு வாங்க” என்பார். எனக்கு முன்னால் அந்த வகுப்பை எடுத்த டீச்சர் அப்படிச் சந்தோஷமாகப் போனவர்தான்.

தாளாளர் ஆவடியில் ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் வழுக்கைத் தலை. அவர் சத்தம்போட்டுப் பேசியோ சிரித்தோ யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

வீட்டில் அப்பா தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தோடு சேர்த்து இதையும் ஊற்றுவார்: “பேங்க் பரீட்சை எழுது ஜெனி. ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை பாக்கலாம். எதுக்கு இந்தப் பொடிசுங்ககிட்ட கத்திக் கத்தி தொண்டையைக் கெடுத்துக்கிற?” நானோ, செத்தாலும் டீச்சராகத்தான் சாவேன் என்று ஒருமுறை சோற்றுத் தட்டின் மேல் சத்தியமே செய்திருந்தேன். ஆகவே, தாளாளர் வியாழக்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்றைய பாடம், உயிருள்ளவையும் உயிரற்றவையும்.

மற்ற டீச்சர்கள் என்றால் ஒரு சார்ட் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி, மணியடித்ததும் போயிருப்பார்கள். நான் உளவியலில் மார்க் வாங்கியவள் ஆயிற்றே! புதன்கிழமை கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தேன்: “நாளைக்கு ஆளுக்கு ஒரு உயிருள்ளது, ஒரு உயிரற்றது கொண்டு வரணும்.”

என் மனதில் இருந்தது ஒரு இலை, ஒரு கல். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோகுல் எழுந்தான். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற பையன். “இன்னா வேணா எடுத்துனு வரலாமா மிஸ்?”

“எது வேணும்னாலும்! எல்லாரும் வித்தியாசமா யோசிக்கணும்!”

(இந்த இடத்தில் என் இளமைக்காலத்து என்னைப் பார்த்து, வாயை மூடு தாயே என்று கத்த வேண்டும்போல இருக்கிறது. கேட்டிருக்க மாட்டாள்.)

மறுநாள் அம்மாவின் கஞ்சி போட்ட காட்டன் புடவையை ஊக்குகளால் இறுக்கி மாட்டிக்கொண்டு, நடக்கும்போது காகிதம் கசங்குகிற சத்தத்தோடு வகுப்புக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே சரியில்லை. வகுப்பு மீன் மார்க்கெட் மாதிரி மணந்தது.

காரணம் பெனிட்டா. அவளுடைய மாமாவுக்கு மீன் வியாபாரம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

“பெனிட்டா, நண்டுக்குக் காலைக் கட்டித்தானே விப்பாங்க?”

“நான்தான் அவுத்து வுட்டேன் மிஸ். கட்டியிருந்தா அசையாதே. அசைஞ்சாதான உயிருள்ளது? நீங்கதான உயிருள்ளது வேணும்னு சொன்னீங்க.”

சொன்னேன்தான்.

கோகுலின் மேஜைக்கடியில் ஒரு ஒயர் கூடை. அதற்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கொண்டையும், அதற்குக் கீழே என்னையே முறைக்கிற ஒரு கண்ணும் தெரிந்தன. “ராணி மிஸ். கொத்தாது மிஸ்” என்றான். எனக்கு இறக்கை உள்ள எதுவும் ஆகாது. புறா வந்து ஜன்னலில் உட்கார்ந்தால்கூட நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். கூடையிலிருந்து நாலு பெஞ்சு தள்ளி நின்றுகொண்டு, “ரொம்ப நல்லா இருக்குப்பா” என்றேன்.

ஒருவன் பால்கோவா டப்பாவில் எறும்பு கொண்டுவந்திருந்தான். ஒருத்தி குடிதண்ணீர் பாட்டிலில் தங்கமீன். (“மறந்துபோய் குடிச்சிடாதடி!”) உயிரற்றதாக ஒரு பையன் கொடுத்தது, அவன் வார்த்தையில், “செத்துப்போன செல்போன்”. கடைசி வரிசை மகாலட்சுமி கையை வீசிக்கொண்டு வந்திருந்தாள்.

“நீ உயிருள்ளது எதுவும் கொண்டு வரலையா?”

“கீது மிஸ். தலையில” என்று ஜடையைத் தூக்கிக் காட்டினாள்.

நான் வாசல்வரை பின்வாங்கினேன். அங்கேதான் யாழினியின் அப்பா நின்றிருந்தார்.

கசங்கிய நீலச் சட்டை, சிவந்த கண்கள், கையில் ஹெல்மெட். கூடவே யாழினி, நிமிர்ந்த தலையோடு, அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு.

“வணக்கம் மிஸ். பாப்பா நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரே அழுவ. உயிருள்ளது வேணுமாம். எங்க ஊட்ல ஒரு செடிகூட கெடயாது மிஸ், மாடியில ஒத்த ரூமு. அதான்...” தயங்கினார். “நானே வந்துட்டேன்.”

“நீங்களா?”

“நைட் டூட்டி முடிஞ்சு நேரா வர்றேன் மிஸ். முடிஞ்சா என்னை முதல்ல முடிச்சிட்டு அனுப்பிடுங்க.”

“இது உயிரற்றது மிஸ்” என்று ஹெல்மெட்டைத் தொட்டுக் காட்டினாள் யாழினி.

அவரை நல்லபடியாகப் பேசி அனுப்பிவைக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் வராண்டாவில் ஷூ சத்தம் கேட்டுவிட்டது. “கடைசி பெஞ்சுல உக்காருங்க சார், ப்ளீஸ்” என்றேன். அந்தச் சின்ன பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க மடங்கி உட்கார்ந்தார். தாளாளர் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து ராகம் போட்டு, “குட்... மார்னிங்... சார்” என்றோம். ராணியும் ஏதோ சொன்னது.

தாளாளர் வாளியைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் கொஞ்ச நேரம் அந்த வகுப்பு அருமையாகப் போயிற்று. உயிருள்ளவை அசையும், உண்ணும், மூச்சு விடும், வளரும் என்று பிள்ளைகள் நண்டையும் எறும்பையும் காட்டிக் காட்டிச் சொன்னார்கள். முட்டை எதில் சேர்த்தி என்று ஒரு சண்டை வந்தது. சார்ஜ் போட்டால் செல்போன் உயிருள்ளது ஆகிவிடுமா என்று இன்னொன்று. அடுத்த மாசம் நிரந்தரம்தான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று ஒரு முகத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அப்போது தாளாளர் மெதுவாகக் கடைசி பெஞ்சைக் காட்டினார். “அவர் யாரு?”

யாழினி எழுந்தாள். “என்னோட உயிருள்ளது சார்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யாழினியின் உயிருள்ளது சுவரில் தலை சாய்த்து, மடியில் ஹெல்மெட்டோடு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அவரு அசையவே இல்ல மிஸ்” என்றான் கோகுல்.

“எதுவும் துன்னவும் இல்ல” என்றாள் பெனிட்டா.

“வளருதா?” என்று யாரோ கேட்டார்கள்.

“தொப்பை மட்டும் வளருதுன்னு அம்மா சொல்லும்” என்றாள் யாழினி. அவளுக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. “எங்க அப்பா உயிருள்ளதுதான் மிஸ்! நெஜமா!”

நல்ல புத்தியுள்ள எவளாயிருந்தாலும் போய் அவர் தோளைத் தட்டி எழுப்பியிருப்பாள். நானோ தாளாளரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, “அருமையான கேள்வி! இதை எப்படி நிரூபிக்கலாம்? யோசிங்க!” என்றேன்.

கோகுல் யோசித்தான். கூடைக்குள் கையை விட்டு, உதிர்ந்து கிடந்த இறகு ஒன்றை எடுத்தான். கடைசி பெஞ்சுக்குப் போய் அதை யாழினியின் அப்பா மூக்கின்கீழ் பிடித்தான். வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. இறகு ஆடியது.

“மூச்சு! மூச்சு!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். யாழினியின் முகம் மலர்ந்துவிட்டது. தாளாளர் லேசாகத் தலையாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தலையாட்டலோடு மணி அடித்திருக்கக் கூடாதா!

யாழினியின் அப்பா தும்மினார். அதைத் தும்மல் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஹெல்மெட் உருண்டு தரையில் டமாரென்று விழுந்தது. கோகுல் கூடையைச் சரியாக மூடவில்லை. அந்தச் சத்தத்தில் ராணி வெளியே பறந்தது. ராணிக்குப் பயந்து பெனிட்டா பின்னால் நகர, வாளி கவிழ்ந்து, நண்டுகள் நாலா பக்கமும் கிளம்பின. பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறினார்கள். ராணி மூன்று வரிசை தாண்டி நேராக என் மேஜைமேல் வந்து இறங்கியது.

நான் எப்போது நாற்காலிமேல் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் புடவையில் எப்படி ஏறினேன் என்று யாருக்குமே தெரியாது. “அய்யோ அம்மா!” என்று அலறியபடி, விழாமலிருக்க, பக்கத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன். அது தாளாளரின் தலை. வழுக்கை என்பதால் பிடி நழுவியது. ஆகவே இரண்டு கையாலும் பிடித்தேன்.

அத்தனை அமளியிலும் அவர் குரல் உயரவில்லை. “மேடம். கீழ நண்டு ஓடுது, நீங்க மேலயே இருங்க. என் தலையை மட்டும் விட்டுடுங்க.”

விட்டேன். யாழினியின் அப்பா திடுக்கிட்டு எழுந்து, “இன்னா, ஷிப்ட் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டு, நிலைமை புரிந்ததும் ஹெல்மெட்டைக் கவிழ்த்து நண்டுகளை ஒவ்வொன்றாக அமுக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஆயா லலிதாக்கா, ராணியின் இரண்டு இறக்கையையும் ஒரே கையால் பிடித்துத் தூக்கினாள். “இன்னா டீச்சரு, ஒரு கோயிக்கா இந்தக் கூவு கூவுற? நான் கூட யாரோ பூட்டாங்கன்னு நெனச்சிட்டேன்.”

நான் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. இறங்கி என்ன ஆகப்போகிறது? வேலைதான் போய்விட்டதே. தாளாளர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார்.

“சரி, இப்ப சொல்லுங்க. உயிருள்ளவை என்னென்ன செய்யும்?”

அசையும், உண்ணும் என்று எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். ஒரு கை மட்டும் கீழே இறங்கவில்லை. மகாலட்சுமி.

“பயப்படும் சார்.”

“அப்படியா?”

“ஆமா சார். கல்லு பயப்படாது. கோழி பயந்துச்சு. பெனிட்டா பயந்துச்சு.” கொஞ்சம் யோசித்தாள். “மிஸ் ரொம்ப பயந்தாங்க. மிஸ் ரொம்ப உயிருள்ளது சார்.”

தாளாளர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வேகமாக வெளியே போனார். அவர் தோள்கள் குலுங்கின. கோபத்தில்தான் என்று நினைத்தேன்.

யாழினியின் அப்பா ஹெல்மெட்டைக் கழுவிக்கொண்டு வந்து, “என்னை முடிச்சிட்டீங்களா மிஸ்? கெளம்பட்டுமா?” என்றார். யாழினி அவருக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். “சரியான விடை யாழினி. நூத்துக்கு நூறு” என்றேன். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு வாசல்வரை குதித்துக்கொண்டே போனார்கள். (அவள் குதித்தாள். அவர் தூக்கத்தில் தள்ளாடினார்.)

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். அழுது முடித்து, முகம் கழுவி, பையையும் எடுத்துக்கொண்டேதான் போனேன். அவர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எந்த கிளாஸ்ல போய் உக்காந்தாலும் பிள்ளைங்க என்னையேதான் பாத்துட்டிருப்பாங்க. பாடம் எடுக்கற டீச்சரும் அப்படித்தான். இன்னைக்கு நான் வாயைத் திறக்கற வரைக்கும் உங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்கல.” என் பக்கம் திரும்பினார். “நீங்க இங்கயே இருங்கம்மா.”

இன்னொரு தடவை அழுவதற்குத் தயாரானேன்.

“அடுத்த பாடம் என்ன?”

“தண்ணீர் சார்.”

கைக்குட்டையை எடுத்துத் தலையை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

“அதை மட்டும் சார்ட்ல நடத்துங்க.”

அன்று ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். நிரந்தரமானதைச் சொல்வதற்குள், தாளாளர் தலையைப் பிடித்த இடத்திலேயே அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அதற்குப்பிறகு பேங்க் பரீட்சையைப் பற்றி அவர் பேசியதேயில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னார். காபியை ஆற்றக்கூட மறந்து கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மாப்பிள்ளைதான் இப்போது என் வீட்டுக்காரர். இறகுக் கட்டம் வரும்போது அவர் அதிகமாகச் சிரித்தார். பின்னால் தனக்கு என்ன நேரப்போகிறது என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

எங்கள் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவர் சோபாவில் சாய்ந்தால் போதும். அவள் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக்கொண்டு வந்து மூக்குக்கடியில் பிடிப்பாள். “உயிருள்ளது!” என்று அங்கிருந்து குரல் வரும். நான் சமையலறையிலிருந்து “ரைட்டு!” என்று குரல் கொடுப்பேன். போன வாரம் மட்டும் அவள் குரல் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.

“அம்மா, அப்பா மூச்சு விடறாரு. ஆனா நீ மிக்ஸியைக் கழுவிக் குடுக்கச் சொன்னதா சொன்னா, அசையவே மாட்டேங்கறாரு. இதை எந்தப் பக்கம் எழுதறது?”