இருபத்துநாலு கிலோவும் சம்பத் மாமாவின் மன்னிப்பும்

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன் தப்பே செய்ய மாட்டான் என்று முப்பத்தைந்து வயதுவரை நம்பியிருந்தேன். எழுதி வைத்ததைப் பார்த்தே தப்பு செய்யலாம் என்று 1999-இல்தான் தெரிந்தது.

அந்த வருஷம் ஆனி மாதம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று டாக்டரிடம் போனேன். எடை எழுபத்தெட்டு கிலோ.

"பயப்படாதீங்க சார். ஆறு மாசத்துல நாலு கிலோ கொறைச்சா போதும். மேல அப்புறம் பார்க்கலாம்."

வெறும் நாலு கிலோவா? (அதை வெளியே சொல்ல முடியுமா?) வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை இறக்கினேன். கல்யாணத்தன்று என் எடை ஐம்பத்துநாலு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பத்தாவது கல்யாண நாளுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள். வகுத்துப் பார்த்தேன். தினம் ஐந்நூற்று எழுபத்தோரு கிராம் குறைய வேண்டும்.

"ஏன்னா, இது உடம்பா, தறியில நெய்யற புடவையா, தினம் இத்தனைன்னு கணக்கு வெக்க?" என்றாள் மனைவி வேதா.

காலையில் மோர், மத்தியானம் வெள்ளரிக்காய், இரவில் மறுபடி மோர்.

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் தெருக்காரர்கள் சனிக்கிழமைதோறும் கோயிலில் கோஷ்டியாக உட்கார்ந்து பாசுரம் சொல்வோம். முடிந்ததும் மிளகும் சுக்கும் நெய்யுமாகக் கோயில் இட்லி துண்டு துண்டாக வரும். அதை வாங்காமல் எழுந்து போகிறவன், தனக்கு ஏதோ மரியாதை குறைந்துவிட்டதென்று கோபித்துக்கொண்டவன் என்று அர்த்தம். பட்டினியில் எனக்கு இது மறந்தே போயிற்று. இரண்டு சனிக்கிழமை எழுந்து போனேன்.

அதற்கு முந்தின வாரம் என் முறை வருமுன் முந்திக்கொண்டு தீர்த்தம் வாங்கியவர் பக்கத்து வீட்டு சம்பத் மாமா. நான் கவனிக்கவேயில்லை. (டைரியில்கூட இல்லை!) கோஷ்டி முழுக்கக் கவனித்திருந்தது.

பதினேழாம் நாள் காலை, மாமா கண் கலங்க வாசலில் நின்றார். கையில் ஓர் இலைப் பொட்டலம்.

"வாசு, தீர்த்தத்துக்கு நான் முந்திண்டது தப்புதான்டா. ஒரு வாரமா தூக்கம் இல்ல. உங்க அப்பாவும் நானும் எப்படிப் பழகினோம்! ஒரு துண்டு எடுத்துக்கோ."

"ஐயோ மாமா, கோபமெல்லாம்…" என்று ஆரம்பித்தேன். அவர் இலையைப் பிரித்தார். கோயில் இட்லியின் நெய் மணம் வந்தது. அதோடு எனக்கு நினைவில்லை. மாமாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேனாம்.

"மன்னிப்பு கேக்க வந்தது நான். நீ ஏண்டா கால்ல விழற? நன்னா இரு, நன்னா இரு!" என்று ஆசீர்வாதமே செய்துவிட்டாராம்.

"மாமா, அவர் மயங்கிட்டார்!" என்று வேதா போட்ட கூச்சலில்தான் தெரு கூடியது.

டாக்டர் வந்ததும், வேதா கல்யாண வருஷத்து டைரியைக் கொண்டுவந்து, எடை எழுதியிருந்த பக்கத்துக்குச் சில பக்கங்கள் முன்னால் புரட்டினாள். "இங்க பாருங்கோ. கல்யாணத்துக்கு முந்தின மாசம் பூரா மஞ்சள் காமாலை."

"காமாலைல கெடந்த உடம்பையா சார் திரும்பக் கேட்டீங்க?" என்றார் டாக்டர். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதன்பின் ஒரு கரண்டி சோறு குறைத்து, தினம் செவிலிமேடு வரை நடந்தேன். மார்கழியில் எழுபத்துநாலு. யாருக்கும் தெரியவில்லை. மாடி ஏறும்போது எனக்குத் தெரிந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தட்டைத் தள்ளினால், "கோபமா, டயட்டா?" என்று என் மகள் கேட்பாள். சம்பத் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் எதுவும் கேட்பதில்லை. சனிக்கிழமை இட்லி வந்ததும், நான் மென்று விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் தன் துண்டை எடுப்பார்.