ஜெபத்துக்கு முன் ஒரு 'டிக் இன்'

காதலியின் அப்பாவிடம் நல்ல பெயர் வாங்க நினைப்பவன் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலியில் ஓர் அலுவலகத்தில் நான் கிளார்க். ஸ்டெல்லா அங்கேயே டைப்பிஸ்ட். தென்காசிக்குப் போய் என் வீட்டாரைச் சம்மதிக்க வைத்தாயிற்று (அது தனிக் கதை). மிச்சம் இருந்தவர் அவள் அப்பா ஞானப்பிரகாசம், மைன்ஸில் ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வரச் சொன்னார். என்னைப் பிடித்தால் கல்யாணம்; பிடிக்காவிட்டால் அவளுக்குக் கடலூரில் ஒரு மாப்பிள்ளை தயார்.

கிறிஸ்தவர்கள் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவார்கள் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆங்கிலப் பேச்சுப் புத்தகம் வாங்கினேன். அதில் அகப்பட்டதுதான் 'டிக் இன்'. டிக் என்றால் தோண்டுவது. சாப்பாட்டு மேஜையில் 'டிக் இன்' என்றால் 'கூச்சப்படாமல் வெளுத்துக் கட்டுங்கள்' என்று பொருளாம். சுரங்கத்து ஊரில் இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான இங்கிலீஷ் உண்டா? கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அதை வீட்டுக்காரர்தான் விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் புத்தகம் போட்ட படுபாவி எழுதாமல் விட்டுவிட்டான்.

மேஜை நிறையக் கோழிக் குழம்பு, வறுவல். எல்லாரும் உட்கார்ந்ததும் சட்டென்று ஓர் அமைதி. அடடா, நான் பேசத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, "டிக் இன்!" என்று முழங்கிவிட்டுக் கோழிக்காலைக் கடித்தேன்.

நிமிர்ந்தால், அத்தனை பேரும் கைகூப்பிக் கண்ணை மூடியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டென்று (சத்தியமாக!) எனக்குத் தெரியாது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஞானப்பிரகாசம் நிதானமாக ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும். எங்களுக்கு முந்திகினு ஆரம்பிச்சிட்ட இந்தத் தம்பியையும் ஆசீர்வதியும். ஆமென்."

ஸ்டெல்லாவின் அம்மா குபீரென்று சிரித்துவிட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் கடலூர் மாப்பிள்ளை தெரிந்தார்.

"என்னா தம்பி அது, டிக் இன்னு?" என்றார் ஞானப்பிரகாசம்.

"சாப்பிடுங்கன்னு அர்த்தம் சார்."

"அத தமிழ்லயே சொல்றதுதான? இந்த வூட்ல எவனுக்கு இங்கிலீஷ் வரும்?" என்றவர், இன்னொரு துண்டை என் தட்டில் போட்டார். "பொண்ணு கேக்க வந்தவன் பயந்துகினு உக்காந்திருப்பான்னு பாத்தா, இப்படி வெளுத்து வாங்குறீங்க! கூச்சமில்லாத ஆளு. சாப்புடுங்க மாப்ள."

மாப்ள! அப்போதுதான் அந்தக் கோழி தொண்டையில் இறங்கியது.

தையில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஜெபம் ஆரம்பித்தால் ஸ்டெல்லா என் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.