எட்டாயிரத்து எண்பதாம் வாசல் முற்றுகை

கராம்பு மணக்கும் அலுவிகாரைக் கடையின் மேல்மாடம் ஆள்பவனை, கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரையைச் சிம்மாசனமாய்க் கொண்டவனை, எவர்முன்னும் கைகட்டி நில்லாமல் யூடியூப் பார்த்தே போர்க்கலை பயின்ற விறலோனை, நிரல் தொடுக்கும் கோமகன் றினோஸைப் பாடத் தொடங்குகிறோம். மின்சாரமே, நடுப்பகல்வரை எம்மைக் கைவிடாதிருப்பாயாக.

மேல்மாடத்துக்கும் கடைக்கும் இடையே செய்தி ஓட ஒரு நிரல் சமைப்பேன், இனி எவரும் படியடியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட வேண்டாம் எனப் பல நாளாய் அவன் சூளுரைத்திருந்தான். கடையாளும் தங்கை நிஷ்மியா அன்று காலை அதே படியடியில் நின்று போர்முரசு அறைந்தாள்:

"நானா, லுஹர் பாங்குக்குள்ள அது ஓடாட்டி, அந்த ரூம்ல கராம்பு மூட்டை ஏறும். ஒங்கட கம்பியூட்டர கோழிக்கூட்டுக்கு மேல வச்சிக்கோங்க."

அரசுரிமை ஆட்டங்காண, அண்ணல் வெகுண்டான். சொக்கெட் என்னும் செய்தித் தூதனைப் படைத்தான். கணினியின் எட்டாயிரத்து எண்பதாம் இலக்க வாசலில் அவனைக் காவல் நிறுத்த ஆணையிட்டான். அப்போதன்றோ, கார்முகில் கிழித்த மின்னலெனக் கருந்திரையில் ஒரு வரி தோன்றிற்று: இவ்விலாசம் ஏற்கெனவே பாவனையில் உள்ளது.

என் வாசலில் நிற்கும் கள்வன் எவன்? ரவுட்டரை ஐயுற்று அணைத்து எழுப்பினான். நிரலை வரிவரியாய்ச் சலித்தான். எத்தனை முறை மோதியும் அவ்வரி, லக்கலப் பாதையை மறித்த தனியன் யானைபோல் அசையாது நின்றது.

"மோதினார் பாங்கு சொல்லப் பள்ளிக்குள்ள போறார், நானா" என்றது கீழிருந்து குரல். மூட்டை இழுபடும் ஓசையும் கேட்டது.

அக்கணமே உண்மை துலங்கிற்று. வாசலைப் பிடித்திருந்தவன் வேற்றானல்லன். விடியலில் தேத்தண்ணீருக்கு எழுந்த அவசரத்தில், கண்ட்ரோலோடு 'சி' விசையை அழுத்தி நிரலை முடித்துவைக்காமல், 'ஸெட்' விசையை அழுத்தி அதைத் தூங்கவைத்துவிட்டுப் போயிருந்தான் கோமகன். அப்பழைய நிரல் வாசலைக் கட்டிப்பிடித்தபடியே குறட்டை விட்டுக் கிடந்தது. பெற்ற மகவை வாளுக்கிரையாக்கும் தந்தையெனக் கண்கலங்கி, அதைத் தட்டியெழுப்பி, 'சி' விசையால் சிரங்கொய்தான்.

வாசல் விடுபட்டது, புதுத் தூதன் அமர்ந்து செவிதீட்டினான். பாங்கின் முதலொலி மலைமுகட்டில் மோதுமுன், கடை ஃபோனிலிருந்து புறப்பட்ட முதற்செய்தி திரையில் சுடர்ந்தது:

"சரி, ரூம் ஒங்களுக்கே. மூட்டையெல்லாம் படிக்குக் கீழ அடுக்கணும், எறங்கி வாங்க."

றினோஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் மூட்டை தூக்கினான்.